மார்ச் மாதக் கணக்கு

“சென்னை இனிமே எழுந்துக்காது மாமா” என்று என் மச்சான் சொன்னது 2020 ஜூன் மாதம், ஒரு மத்தியான வெயிலில். காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் டாட்டா ஏஸ் வண்டியிலிருந்து கிரைண்டரை இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். முகக்கவசம் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. “அதெல்லாம் எழுந்துக்கும்டா, நீ காலைப் பாத்து வை” என்றேன். எங்களுக்குள் நடந்த பெரிய வாக்குவாதம் இப்படி ஒற்றை வரியில்தான் ஆரம்பித்தது. அதில் நான் ஜெயித்துவிட்டேன் என்பது இப்போது ஊருக்கே தெரியும். கிண்டி பாலத்தில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் போதும். ஆனால் ஜெயித்தவனுக்கு வர வேண்டிய நிம்மதி எனக்கு வரவில்லை. அந்தக் குடைச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சொந்த ஊர் குடியாத்தம். அப்பாவுக்குத் தறி. தறியில் உட்கார மாட்டேன் என்று பதினெட்டு வயதில் சென்னைக்கு பஸ் ஏறியவன், நாலைந்து ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டு 2011-ல் காரப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், சொந்தமாக மெஸ் போட்டான். சுற்றிலும் ஐ.டி. கம்பெனிகள், அதைச் சுற்றிப் பையன்கள் தங்கும் அறைகள். மாதக் கணக்கில் எழுபது பேர் சாப்பிட்டார்கள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மட்டும் இரண்டு நாள் கடையை மூடிவிட்டு ஊருக்கு வருவான். மற்றபடி வருஷம் முழுக்க அடுப்பு எரிந்த கடை.

அந்தக் கிரைண்டரோடு வந்தவை: மூன்று கமர்ஷியல் அடுப்பு, இரண்டு அண்டா, எட்டு பெஞ்சு, கை கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடி, அப்புறம் காலிகோ அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் 19-ஆம் தேதியிலிருந்து மறுபடி முழு ஊரடங்கு என்று அறிவித்த வாரம் அது. இ-பாஸ் மூன்று தடவை நிராகரித்து, நாலாவது தடவை கிடைத்தது. காரணம் என்ன போட்டான் என்று இன்று வரை சொல்லவில்லை. யாரையாவது சாகடித்திருப்பான் என்று என் மனைவிக்குச் சந்தேகம்.

குடியாத்தத்துக்கு நேரே போக முடியவில்லை. சென்னையிலிருந்து ஒருத்தன் வந்தான் என்றாலே தெருவே கதவைச் சாத்திக்கொண்ட நேரம். அதனால் பதினாலு நாள் எங்கள் மொட்டைமாடி அறையில் இருந்தான். மாடிப்படியில் நான் உட்கார்ந்துகொள்வேன், உள்ளே கட்டிலில் அவன். ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எட்டடி தள்ளி உட்கார்ந்து பேசிய பேச்சு முழுக்க இதுதான்: சென்னை மீளுமா, மீளாதா.

அவன் வாதம் எளிமையானது. “கம்பெனி பூரா லேப்டாப்ல கீது. லேப்டாப்பு பூரா வீட்ல கீது. தேனியில உக்காந்து வேலை செய்ய முடியும்னு தெரிஞ்சப்புறம் எவன் மாமா காரப்பாக்கத்துல கொசுக்கடியில வந்து படுப்பான்?” கோயம்பேட்டைக்கூட மூடி, காய்கறியைத் திருமழிசைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கோயம்பேடே மூடின பிறகு என்ன ஊர் அது என்பான். அவனுக்கு நகரம் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு கோயம்பேட்டில் இறங்கும் வெங்காய மூட்டை. அதைத் தாண்டிய பொருளாதாரம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் படித்தவன் அல்லவா, சரித்திரத்தைக் கொண்டுவந்தேன். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது சில மாதங்களுக்குள் ஊரில் பாதிக்குப் பாதி ஜனம் ஓடிவிட்டது. ஓடியவர்கள் திரும்பினார்கள். 1898-ல் நகர மேம்பாட்டுக்கென்றே ஒரு டிரஸ்ட் வைத்து, இருட்டுச் சந்துகளை இடித்து, கடல்காற்று உள்ளே வரட்டும் என்று அகலத் தெருக்கள் போட்டார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, சென்னையே ஒருமுறை காலியானதுதானே? 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டான் என்று அவசர வேலை இல்லாதவர்களெல்லாம் வெளியேறச் சொன்னது அரசாங்கம். மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம் புலியைக்கூடச் சுட்டுவிட்டார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று. என் பாட்டிக்கு அப்போது பத்து வயது. வேலூரில் அவர்கள் வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து இரண்டு குடும்பம் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியதைக் கதை கதையாகச் சொல்வாள். சில மாதங்களில் எல்லோரும் திரும்பிப் போனார்கள். “பாத்தியா?” என்றேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “அப்ப அவங்களுக்கு யாராவது கணக்கு பாக்கி வெச்சிருந்தாங்களா?” என்று கேட்டான். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவன் கேட்டது அந்த நோட்டை மனதில் வைத்து. ஆளுக்கு ஒரு பக்கம். பெயர் இருக்காது, ‘தேனி தம்பி’, ‘விஜயவாடா’, ‘ரெண்டாம் மாடி கண்ணாடி’, ‘முட்டை வேணாம்’ என்று அவனுக்குப் புரிகிற அடையாளம்தான். தேதிக்கு நேரே கா, ம, இ என்று காலை, மதியம், இரவுக்கு ஒற்றை எழுத்து. சாப்பிடாத வேளைக்குக் கோடு. மார்ச் 20 வெள்ளிக்கிழமை வரை எல்லாப் பக்கமும் நிரம்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு, சரி, ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வருகிறோம் என்று கிளம்பியவர்கள்தான். அதற்குக் கீழே வெள்ளைத் தாள். எழுபது பக்கமும் ஒரே இடத்தில் நின்றுபோயிருக்கும். புயலில் கரண்ட் போனால் தெருவில் எல்லா வீட்டுக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுமே, அந்த மாதிரி. பாக்கி மொத்தம் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல். கடைக்காகக் கொடுத்திருந்த பத்து மாத அட்வான்ஸிலோ, மூடியிருந்த மாதங்களுக்கும் வாடகையைக் கழித்துக்கொண்டு, வெள்ளையடிக்கவும் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கையில் கொடுத்திருந்தார் கட்டடக்காரர். சட்டப்படி அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பேங்க் கடன் இருந்தது.

கோட்டை உண்டு, ராஜா இல்லை

வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கிற வசனம் ஒன்று உண்டு: ஆறு உண்டு நீரில்லை, மலை உண்டு மரமில்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை. கடைசி வரி தப்பாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோட்டைக்குள் மூலவர் இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த கோயிலுக்கு 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து வைத்தாகிவிட்டது. இன்றைக்குப் பிரதோஷத்தன்று உள்ளே நுழைய இடமிருக்காது. ஆனாலும் வசனத்தை யாரும் திருத்தவில்லை. ஒரு ஊரைப் பற்றி ஒரு தடவை சொல்லி முடித்துவிட்டால், அந்த ஊர் என்னதான் செய்தாலும் பேச்சு மாறாது போல.

இந்த ஊரின் பிழைப்பு வெளியூர்க்காரர்களால். கொரோனா வந்தபோது சென்னைக்கு என்ன ஆகும் என்று மாடிப்படியில் உட்கார்ந்து நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோமே தவிர, எங்கள் காலடியில் இருந்த ஊர் படுத்துக் கிடந்தது எனக்கு உறைக்கவே கொஞ்ச நாள் ஆயிற்று. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்ப் பலகைக்குச் சமமாக வங்காள மொழிப் பலகை இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று அங்கிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்து, பரிசோதனை முடிவுக்காகப் பத்து நாள், அறுவை சிகிச்சை என்றால் இரண்டு மாதம் என்று லாட்ஜில் தங்குகிறவர்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டில் போட்டு ஆரம்பித்த வைத்தியசாலை இத்தனை லாட்ஜுக்கும், ஜெராக்ஸ் கடைக்கும், பழக்கடைக்கும், ஆட்டோவுக்கும் சோறு போட்டது. 2020 மார்ச்சில் அவர்கள் போகவும் முடியாமல் இருக்கவும் காசில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். மே முதல் வாரத்தில்தான் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் போயிற்று. எங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தேன்: பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பெரியவர் எக்ஸ்-ரே உறையை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார், மடங்கிவிடக் கூடாதென்று.

ஏப்ரல் கடைசியில் சைனகுண்டா பக்கம் ஆந்திர எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஹாலோ பிளாக்கில் சுவரே எழுப்பினார்கள். ஏச்சு வந்ததும் இடித்தார்கள். ஐந்து மாதம் முன்னால்தான் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். ராணிப்பேட்டை வேறு மாவட்டம், அங்கே போகப் பாஸ் என்று ஆனபோதுதான் பிரித்தது பலருக்கு உறைத்தது. பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் கோடு கிழிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், இருந்தாலும் சுவர் புதுசு.

சீசன் டிக்கெட்

என் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ மேலே நின்று வேடிக்கை பார்த்தவன் மாதிரி இருக்கும். பதினோரு வருஷம் காட்பாடியிலிருந்து சென்னைக்குச் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன் நான். 130 கிலோமீட்டர். விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ், ராத்திரி கிடைக்கிற வண்டி. எங்கள் பெட்டியில் எட்டுப் பேர் ஒரு செட்டு. வாலாஜா ரோட்டில் ஒருவர் ஏறுவார், சோளிங்கரில் ஒருவர், அரக்கோணத்தில் மூன்று பேர். அரக்கோணத்து அண்ணன் வீட்டு எலுமிச்சை சாதம் எட்டுப் பேருக்கும் பொது. ஊரடங்கு வந்ததும் சீசன் டிக்கெட் செல்லாது என்றானது. எக்ஸ்பிரஸ் வண்டிகளில் முன்பதிவில்லாத பெட்டி பழையபடி ஓட 2022 ஆகிவிட்டது. முதல் நாள் பழைய ஞாபகத்தில் அதே பெட்டியில் அதே ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். வண்டியில் கால் வைக்க இடமில்லை. நின்றுகொண்டிருந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் விருப்ப ஓய்வு, இரண்டு பேருக்கு வீட்டிலிருந்தே வேலை, ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. அரக்கோணத்து அண்ணன் 2021 மே மாதம் போய்ச் சேர்ந்திருந்தார். அன்றைக்கு யாரும் அதைப் பேசவில்லை. சோளிங்கர்க்காரர் தன் டப்பாவைத் திறந்து நீட்டினார், அவ்வளவுதான்.

வண்டி நிரம்பிவிட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. மச்சானிடம் புள்ளிவிவரமாக அடுக்கினேன். சென்னை மெட்ரோவில் 2019-ல் ஏறியவர்கள் 3.28 கோடி, 2020-ல் 1.18 கோடியாக விழுந்தது, 2022-ல் ஆறு கோடியைத் தாண்டிவிட்டது. “முன்ன இருந்ததுக்கே கிட்டத்தட்ட டபுளா எழுந்துடுச்சுடா, திரும்பப் போய்க் கடையைப் போடு” என்றேன். “பாக்கலாம் மாமா” என்றான். அட்வான்ஸுக்குப் பணம் இல்லை என்று அவன் சொல்லவும் இல்லை, எனக்குக் கேட்கத் தோன்றவும் இல்லை.

லைன்ல வாங்க

2023 ஆவணியில் திருவான்மியூரில் ஒரு கல்யாணம். காரில் போனோம். காலை முகூர்த்தம் முடிந்து திரும்பும்போது, “காரப்பாக்கம் வழியா போலாமா மாமா, ஒரு பத்து நிமிஷம்” என்றான். மூன்று வருஷத்தில் அவனாக அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. சாலையின் நடுவே மெட்ரோவுக்காகத் தடுப்பு வைத்து இரண்டு பக்கமும் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டர் போக இருபது நிமிஷம். அவ்வளவு நெரிசலிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. ஒவ்வொரு ஹாரன் சத்தமும் என் கட்சிக்கு விழுந்த ஓட்டு மாதிரி.

மெஸ் இருந்த இடத்தில் சதுர டப்பாவில் சாலட்டும் வறுத்த கோழியும் விற்கிற கடை. வெள்ளை டியூப்லைட்டுக்குப் பதில் மஞ்சள் பல்பு தொங்கியது. உள்ளே நாலு உயர ஸ்டூல், சுவரில் செங்கல்லை வேண்டுமென்றே பூசாமல் விட்டிருந்தார்கள். பூசுவதற்காக இவன் செலவழித்த சுவர் அது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வாசல் வரைக்கும் பையன்களும் பெண்களும் நின்றார்கள். தோராயமாக எழுபது பேர்கூட இருக்கலாம். மச்சான் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். பழைய மொசைக் மேல் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டியிருந்தார்கள், ஆனால் மூலையில் கை கழுவுகிற தொட்டி இருந்த இடத்தில் மட்டும் இவன் பதித்த பச்சை டைல்ஸ் இரண்டு தெரிந்தது. அதை நோக்கி நேரே உள்ளே நடந்தான். வாசலில் நின்ற ஒரு பையன், மரியாதையாகத்தான், “அண்ணா, லைன்ல வாங்க” என்றான்.

நான் ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சான், “சாரி தம்பி” என்று பின்னால் போய் நின்றுவிட்டான். இருபது நிமிஷம் வரிசையில் நின்றான். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட வயிறு, பட்டு வேட்டி. அவன் முறை வந்ததும் விலைப் பலகையை மேலிருந்து கீழே ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, இருப்பதில் குறைந்ததாக 249 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கினான். காரில் உட்கார்ந்து மரக்கரண்டியால் பாதி சாப்பிட்டான். “உப்பு பத்தல” என்றான். அதற்கப்புறம் ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பிரியும் இடம் எல்லாம் போயிற்று, பேச்சில்லை. காவேரிப்பாக்கம் ஏரிக்கரை தாண்டும்போது, “நீங்க சொன்னது கரெக்டு மாமா. எழுந்துகிச்சு” என்றான்.

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் நிஜமாகவே ஒத்துக்கொண்டான், தோற்றவன் கை குலுக்குகிற மாதிரி. எனக்கு அப்போதுதான் பாட்டியின் கதையில் நான் வசதியாக விட்டுவிட்ட பாதி ஞாபகம் வந்தது. மெட்ராஸிலிருந்து வந்த இரண்டு குடும்பத்தில் ஒன்றுதான் திரும்பிப் போனது. இன்னொருவர், பாட்டிக்குப் பெரியப்பா முறை, ஜப்பான்காரன் வந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து புரசைவாக்கத்து வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தார். அந்த வருஷம் அப்படி விற்றவர்கள் நிறையப் பேர். சண்டை முடிந்தது, மெட்ராஸ் நிரம்பியது, அவர் வேலூரில் கணக்குப்பிள்ளையாகவே இருந்து கண்ணை மூடினார். பம்பாயிலும் அப்படித்தானே? தெரு அகலமானது, சரி. இடித்த சந்துக்குள் குடியிருந்தவர்கள் அந்த அகலத் தெருவில் வாடகை கொடுக்க முடிந்ததா என்று நான் யோசித்ததே இல்லை. சரித்திரத்தை மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னபோது நகரத்தை ஒரு நோயாளி மாதிரிப் பேசியிருக்கிறேன். வேலூர்க்காரனுக்கு எதைப் பார்த்தாலும் நோயாளிதான். படுத்தார், எழுந்தார், டிஸ்சார்ஜ். அவன் கேட்டது வேறு. கட்டிலைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன், படுத்திருந்த ஆளைப் பற்றி அவன் பேசிக்கொண்டிருந்தான்.

தாதா, கொத்தோ?

அவன் ஒன்றும் நொடிந்து உட்கார்ந்துவிடவில்லை. ரயில்கள் ஓட ஆரம்பித்ததும், 2021 ஜனவரியிலேயே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் பத்துக்குப் பத்து அறையில் சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டான். முதல் வாரம் நம் ஊர் மீன் குழம்பு வைத்துப் பார்த்தான். வங்காளிகள் ஒரு வாய் வைத்துவிட்டுப் புளிப்பில் முகத்தைச் சுளித்தார்கள். பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த ஓர் அம்மா, கணவரின் டயாலிசிஸுக்காக வந்தவர், கடைக்குள்ளேயே வந்து கரண்டியைப் பிடுங்கிக் காட்டிக்கொடுத்தார். புளி வேண்டாம். ரோகு மீனைத் துண்டு போட்டு மஞ்சளும் உப்பும் தடவி, கடுகு எண்ணெய் புகைகிற வரைக்கும் காய்ந்த பிறகுதான் போட வேண்டும், புகைவதற்கு முன்னால் போட்டால் பச்சை வாடை போகாது. வறுத்தெடுத்து அதே எண்ணெயில் கருஞ்சீரகம், பச்சைமிளகாய், நீள நீளமாக உருளைக்கிழங்கு, தண்ணீராகக் குழம்பு. இன்றைக்கு அவன் கையால் சாப்பிட்டால் காட்பாடி பிறப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சரி, குடியாத்தம் பிறப்பு. “தாதா, கொத்தோ?” என்று கேட்டால் விலையை வங்காளத்திலேயே சொல்கிறான்.

2021 மே மாதம் மறுபடி மூடினான், திறந்தான். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து இந்திய விசா சுருங்கியதும் கூட்டம் சட்டென்று இறங்கியது. தொற்றுமில்லை, ஊரடங்குமில்லை, ஆனால் இந்தச் சந்தில் நாலு கடையில் ஒன்று மாலை ஆறு மணிக்கே ஷட்டரை இழுத்தது. வேலூர் மீளுமா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இங்கே மாதக் கணக்கு கிடையாது, எல்லாம் கைக்குக் கை. பத்து நாளில் போகிறவர்களுக்கு நோட்டு எதற்கு? பழைய காலிகோ நோட்டின் மிச்ச வெள்ளைப் பக்கங்களில் மீன்காரருக்குக் கொடுக்க வேண்டியதை எழுதிவருகிறான்.

போன பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தபோது போன் சிணுங்கியது. ஜீபேயில் 1,840 ரூபாய். கூடவே ஒரு வரி: “மார்ச் கணக்கு அண்ணா, லேட் ஆயிடுச்சு.” பெயரைப் பார்த்தால் யாரென்று தெரியவில்லை, அவனிடத்தில் இருந்தது அடையாளம்தானே. நோட்டை எடுத்து, தொகையை வைத்துத் தேடினான். தேனி தம்பி. நான் பார்க்கப் பார்க்க அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். உடனே போனும் வந்தது. திரும்பவும் சென்னைக்கே வேலைக்கு வந்துவிட்டானாம், கல்யாணமும் ஆகிவிட்டதாம். ஸ்பீக்கரில் கேட்டது: “காரப்பாக்கத்துல தேடினேண்ணா, மெஸ்ஸைக் காணோமே, எங்க மாத்திட்டீங்க?”

“வேலூர்ல கீறேன் தம்பி” என்றான் மச்சான். அந்தப் பக்கம், “அப்படியா, ஒரு நாள் கண்டிப்பா வரேண்ணா” என்றது குரல்.

“ஐயோ, வேணாம் தம்பி, இங்க யாரும் நல்லதுக்கு வர்றதில்ல. நீ அங்கயே இரு” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, எண்ணெய் புகைகிறதா என்று குனிந்து பார்த்தான்.